முன்பே வரையறுத்தவை

இருநூற்றுப் பதினான்காம் வரியில் பிழை.
எண்ணுக்கு முன்னால் ஒரு பெயரை எதிர்பார்த்தேன்
என்கிறது கம்பைலர்.
நான் அங்கே எண்ணே எழுதவில்லை.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன்:
யூனிக்ஸ்.
சாக்கெட் முகவரிகளில் ஒன்றுக்கு நான் வைத்த பெயர்.
பெயராகத்தான் இருக்கிறது.

மணி ஒன்றேகால்.
வியாசர்பாடி ஹவுசிங் போர்டு, மூன்றாவது மாடி.
கீழே, காலையில் வரப்போகும் தண்ணீர் லாரிக்கு
இப்போதே குடங்கள் வரிசையில் நிற்கின்றன.
கணேசபுரம் சப்வேயில் முழங்கால் தண்ணி,
மூலக்கொத்தளம் சுத்தினு வா நைனா, என்று
தணிகாசலம் அண்ணன் போனில் யாரையோ திருப்பிவிடுகிறார்.

லைப்ரரி உடைஞ்சிடுச்சு என்றேன்.
எது, பி.வி. காலனி லைப்ரரியா என்றாள்
சுகிர்தா, போர்வைக்குள்ளிருந்து.
இல்லடி, நீ தூங்கு.

சந்தேகம் வந்து
ஒரு வெற்றுக் கோப்பைக் கொடுத்தேன்.
அதில் ஓர் எழுத்து இல்லை, ஒரு புள்ளி இல்லை.
இதில் உனக்கு என்னவெல்லாம் தெரியும், சொல்.
முன்னூற்று அறுபத்தெட்டு வரி சொன்னது.
எந்தச் சில்லு, ஓர் எண்ணுக்கு எத்தனை பைட்,
அதை எந்த முனையிலிருந்து அடுக்குவது,
தசமத்துக்குப் பின் எவ்வளவு தூரம் நம்பலாம்.
நடுவில் எங்கேயோ, சத்தமில்லாமல்:
லினக்ஸ் என்றால் 1.
யூனிக்ஸ் என்றால் 1.
நான் பிறக்கும் முன் யாரோ
வசதிக்குச் சொல்லிவைத்தது.

ஆக, கம்பைலர் என் வரியைப் பார்க்கவே இல்லை.
அதற்கு முன்னால் ஒருவன் படிக்கிறான்.
இலக்கணம் தெரியாது அவனுக்கு, இடம் பொருள் தெரியாது.
பெயரைக் கண்டால் பட்டியலைப் பார்ப்பான்,
வெட்டுவான், ஒட்டுவான், உள்ளே தள்ளுவான்.
உள்ளே இருப்பவன் பாவம்,
நேர்மையாகத்தான் குழம்புகிறான்.

அவனை நான் வேறு இடத்திலும் பார்த்திருக்கிறேன்.
ஸ்கூட்டர் கடனுக்கு சுகிர்தா போன அன்று
சம்பளச் சீட்டு, பான் கார்டு, கரண்ட் பில், எல்லாம் சரி.
கவுண்டரில் இருந்த பெண் சிரித்துச் சிரித்துத்தான் பேசினாள்.
முப்பத்தொன்பதில் முடியும் பின்கோடை அடித்தாள்.
சிஸ்டம் எடுக்க மாட்டேங்குது மேடம்.
இப்போது யார் கேட்டாலும்
பெரம்பூர் பக்கம் என்கிறாள் என் தங்கை.

பெயரை மாற்றினால் முடிந்தது.
பின்னால் ஓர் அடிக்கோடு, ஒரு விசை.
பெரம்பூர் பக்கம்.

பிடிவாதமாக வேறு கொடியைப் போட்டேன்:
தரநூல் சொன்னபடி மட்டும் நட,
உன் வீட்டுச் சொல்லை இங்கே கொண்டுவராதே.
1 ஓடிப்போனது.
கூடவே, சரத்தை நகலெடுக்கும் ஃபங்ஷனை
யாரென்றே தெரியாது என்றது.
நாற்பத்தொரு புதுப் பிழை.

கொடியை எடுத்துவிட்டு
ஹெடரின் தலையில் ஒரே வரி எழுதினேன்,
யூனிக்ஸ் என்பதற்கு நீ நினைத்த பொருள் இனி இல்லை என்று.
விசிறி அலறியது. தொண்ணூறு, தொண்ணூற்றாறு,
நூறு.
கொசுவத்திச் சாம்பல் கீபோர்டில் விழுந்ததைக்கூட
ஊதிவிடவில்லை, அப்படி உட்கார்ந்திருந்தேன்.

ஏழு மணிக்கு புனேயிலிருந்து குல்கர்ணி எழுதுகிறார்.
அழிப்பது உங்கள் கோப்பில் மட்டும் அழியாது.
உங்கள் ஹெடரைச் சேர்த்துக்கொள்ளும் எல்லாரிடமும் அழியும்.
இருபது வருஷத்துப் பழைய நிரல் ஒன்று
இது யூனிக்ஸா என்று கேட்கும், இல்லை என்று பதில் வரும்,
அது வேறு கதவில் போய் முட்டும்.
பெயரை மாற்றிவிடுங்களேன்.

அவர் சொல்வது சரி.
அதுதான் எரிச்சல்.

முல்லை நகர் மைதானத்தில் பையன்கள் பந்தாடுகிறார்கள்.
லாரி வந்துவிட்டது, குடங்கள் முட்டிக்கொள்கின்றன.
சுகிர்தா தலை துவட்டிக்கொண்டே போனில்
ஆமாங்க, வியாசர்பாடிதான், கேன்சல் பண்ணாதீங்க,
மெயின் ரோட்டுக்கே வந்துடறேன் என்கிறாள்.
இருநூற்றுப் பதினான்காம் வரி.
கடைசி எழுத்துக்கு வலப்பக்கம்
கர்சர் நின்று துடிக்கிறது.