தண்ணிக் கழிவு

படிவம் ஒன்பது பக்கம்.
டொக்டர் இனோக்கா சிங்களத்தில் சொல்லச் சொல்ல
நான் தமிழில் சொல்ல வேண்டும்.
என் வேலை அதுவல்ல.
கட்டில் தள்ளுவது, ஒட்சிசன் சிலிண்டர் உருட்டுவது.
ஆனால் அந்த மாதம் டிக்கோயாவில்
இரவு முறையில் தமிழ் பேசும் வாய்
என்னுடையது ஒன்றுதான்,
அதுவும் இரண்டு மாஸ்க்குக்குப் பின்னால்.

மருந்து கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்,
கம்ப்யூட்டர் தீர்மானிக்கும் என்றேன்.
பதினோராம் கட்டில் பேச்சியாயி
முகமூடியைச் சற்றே தூக்கிக் கேட்டாள்:
"அது எந்தத் தொர?"

சீட்டு என்று மாற்றிச் சொன்னேன்.
லயத்துச் சீட்டு மாதிரிக் குலுக்குவார்கள்.
விழுந்தால் வைரஸை அடக்கும் மருந்து, ஐந்து நாள், நரம்பில்.
விழாவிட்டாலும் மற்ற வைத்தியம் எல்லாம் உண்டு.
அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி
எண்பத்தொன்றில் போய் நின்றது.
"சீட்டுன்னா கடைசி மாசமாவது
எல்லாருக்கும் விழுமே தம்பி."
இதை நான் சிங்களத்தில் சொல்லவில்லை.

பன்னிரண்டில் அவள் நாத்தனார் சௌந்தரவல்லி.
ஒரே மலை, பக்கத்துப் பக்கத்து நிரை,
ஒரே நாளில் காய்ச்சல்.
அவள் பெயரைத் தலைப்பெழுத்தோடு எழுதினாள்.
இவள் பெருவிரல் வைத்தாள்.

விழுந்தது பெருவிரலுக்கு.

சின்னக் குப்பி. அடியில் வெள்ளைத் தூள்,
நீர் விட்டதும் இருந்த இடம் தெரியாமல் கரைந்துவிடும்.
அது சொட்டுச் சொட்டாய் இறங்குவதை
பன்னிரண்டாம் கட்டில் பார்த்துக்கொண்டே கிடந்தது.
நடுவில் திரையை இழுத்துவிட எனக்குத் தோன்றியது
மூன்றாம் நாள்தான்.

விரலில் மாட்டும் கிளிப்பை இருவரும்
தராசு என்றார்கள்.
எண்பத்தாறு.
"பேர் விழுமா?"
தொண்ணூற்று நாலு வேண்டும்.
"காத்தாலயும் மத்தியானமும் நிறுத்தீங்களே,
ரெண்டையும் சேத்துப் போட்டா?"
நெஞ்சில் நீர் கட்டியிருக்கிறது என்று சொல்லச் சொன்னார் டொக்டர்.
சொன்னேன்.
"அதான பாத்தேன். மழக் கொழுந்து.
தண்ணிக் கழிவு வெட்டுறாங்க."

கவிழ்த்துப் படுக்க வைத்தோம்.
முப்பத்தெட்டு வருடம் கூடை தொங்கிய முதுகு
ஒன்றும் சுமக்காமல்
கூரையைப் பார்த்துக் கிடந்தது.

நாலாவது குப்பி இறங்கி முடிந்த விடியற்காலை
பேச்சியாயி போய்விட்டாள்.
ஐந்தாவது அலுமாரியில்.
"அத எனக்குப் போட்டா என்ன?" என்றாள் சௌந்தரவல்லி.
கோபமில்லை, கேள்விதான்.
டொக்டர் நெடுநேரம் பேசினார். விதி, கணக்கு, நியாயம்.
நான் ஒரே சொல்லில் மொழிபெயர்த்தேன்:
ஏலாது.

இருபத்துமூன்றாம் நாள்
அவள் தன் செருப்பைத் தானே தேடிப் போட்டுக்கொண்டு
வேனில் ஏறினாள்.

மறு வருடம் முடிவு வந்ததாம்.
தேநீர் நேரத்தில் டொக்டர் ஒரு படம் காட்டினார்.
ஒரே மலையிலிருந்து இறங்கும்
இரண்டு கரத்தை ரோட்டுப் போல் இரு கோடுகள்.
ஒன்று மற்றதைவிட ஒரு நகத்தளவு மேலே.
"இந்த இடைவெளிக்குள் சிலர் பிழைத்திருக்கலாம்" என்றார்.
யார் அவர்கள்?
"அது யாருக்கும் தெரியாது."
உள்ளே பேச்சியாயி எங்கே என்று கேட்க வந்தேன்.
கோடு அவளாலும் ஆனது.
எந்தப் புள்ளியில் அது வளைந்ததென்று
எனக்குத் தேதி தெரியும், நேரம் தெரியும்.
கேட்கவில்லை. தேநீர் ஆறிவிட்டிருந்தது.

போன செவ்வாய் கிளினிக்குக்கு வந்திருந்தாள் சௌந்தரவல்லி.
ஏற்றத்தில் இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறதாம்.
கிலோ வருவதில்லை, அரைப் பேர்தான் போடுகிறார்களாம்.
மருந்துத் துண்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டே கேட்டாள்:
"அந்தச் சீட்டு முடிஞ்சிருச்சா தம்பி?"

முடிந்தது.

"கடைசியா யாருக்கு விழுந்துச்சு?"

ஒன்பது பக்கத்திலும் அதற்குத் தமிழ் இல்லை.
பொகவந்தலாவை பஸ் ஹோன் அடித்தது.
படியில் ஒரு தடவை நின்று
மூச்சை வாங்கிக்கொண்டு
ஏறினாள்.