பராமரிப்பவர் பெயர்

கணபதியில், லேத் பட்டறைகளுக்குப் பின்னால்,
தகரக் கொட்டகைக்குள் ஒரு சுரங்கம் செய்தோம்.
நாற்பது மீட்டர். பாறைக்குப் பதில் கண்ணாடிக் கம்பளி,
அணுக்கழிவுக்குப் பதில் ஹீட்டர் சுருள்.
ஆர்டர் கொடுத்தவர்கள் ஊர்ப்பெயர் சொல்லவில்லை.
ஆழம் மட்டும் இருந்தது: ஆயிரத்து இருநூறு அடி.
'எங்க தோட்டத்து போர்வெல்லுங்க அது,' என்றான் செங்கோட்டுவேல்,
'தண்ணிதான் வரல.'

மீட்டருக்கு ஓர் இஸ்திரிப்பெட்டி என்று கணக்கு.
திருப்பூரில் பனியன் தேய்க்கும் மேசைகள் போல
வரிசையாக நாற்பது.
ஆனால் நிஜத்தில், அங்கே கீழே,
பெட்டிகளுக்கு சுவிட்ச் கிடையாது.
முப்பது வருடத்தில் பாதி ஆறும்.
மீதியில் பாதிக்கு இன்னொரு முப்பது.

அதனால் காற்றாடி.
ஆறடி விட்டம், பன்னிரண்டு இறக்கை.
ஐந்தாவதில் ஏழு கிராம் கூடுதல்;
அரத்தால் ராவி எடுத்தேன்.
வேலைக்காலம் நூறு வருடம் என்றது படிவம்.
பேரிங்குக்கு நாங்கள் எழுதித் தருவது ஐந்து.
கடைசி பேரிங்கை மாற்றப்போகிறவனின்
அப்பன் இன்னும் பிறக்கவில்லை.

வைகாசி கடைசியில், இரவு இரண்டு பத்துக்கு
கரண்ட் போனது.
ஹீட்டர் ஜெனரேட்டரில், காற்றாடி ஈபியில்.
மறுநாள் நாங்களே நிறுத்திப் பார்க்க இருந்ததை
மின்வாரியம் முந்திக்கொண்டது.
இறக்கைகள் தனித்தனியாகத் தெரிந்தன,
பிறகு நான் ராவிய தழும்பு,
பிறகு நின்றது.

எழுபத்தொன்று. எண்பத்தாறு. நூற்று நாலு.
டார்ச் வெளிச்சத்தில் எழுதினேன்.
போன மாதம் ராசிபுரத்துக் கோழிப்பண்ணையில்
எங்கள் எக்ஸாஸ்ட் ஒரு மணி நேரம் நின்றது.
எண்ணூறு கோழி.

நூற்று இருபத்து மூன்றில் எண் தயங்கியது.
சுரங்க வாயில் கட்டியிருந்த பனியன் நூல்
உள்பக்கமாக வளைந்திருந்தது.
சூடு புகைபோக்கியில் ஏறிப் போக,
போன இடத்துக்குத் தெருவின் காற்று வந்தது:
வார்ப்பு மணல் வாசம், டீசல், அதற்கடியில்
பாலக்காட்டுக் கணவாயின் ஈரம் கொஞ்சம்.
நூற்றுப் பத்தொன்பது.
'தானே விசிறிக்குதுங்க,' என்றான் வேலு,
தூங்குவது எதுவோ எழுந்துவிடும் என்பதுபோல.

நிம்மதியாகத்தான் இருந்தது,
படிவத்தின் கடைசிப் பக்கம் நினைவுக்கு வரும்வரை.
நூறாவது வருடம் காற்றாடியைக் கழற்றி
குழியைக் களிமண் இட்டு அடைப்பார்களாம்.
நூல் ஆட வழியிருக்காது.
மிச்சச் சூட்டைப் பாறை வாங்கிக்கொள்ளும்.
வாங்கும். கிணறு வெட்டித் தோற்ற ஊர்க்காரி நான்,
அதன் குணம் தெரியும்.
வெயில் இறங்கி வெகுநேரம் கழித்து
பாறையில் உட்கார்ந்து பாருங்கள்,
பகல் உள்ளேதான் இருக்கும்.

நாலரைக்குக் கரண்ட் வந்தது.
காலையில் படிவம் நிரப்பினேன்.
'பராமரிப்பவர் பெயர்': கட்டம் இரண்டு அங்குலம்.
கம்பெனி பெயரை எழுதி அடித்தேன்.
வஞ்சிக்கொடி, டெஸ்டிங், என்று எழுதினேன்.
வேலு எட்டிப் பார்த்தான்.
'கீழ கொஞ்சம் எடம் வுடுங்க.'