எண்பது

ஒரேப்ரூவில், ஒரு பல் மருத்துவர் வீட்டு முற்றத்தில்
நின்றிருந்தது எங்கள் பதினேழு வயதுக் கேரவன்.
சிக்ஸ்டன் சுவர்களைத் தட்டித் தட்டிக் கேட்டான்.
நான் மூலைகளை முகர்ந்தேன்.
ஈரம் அளக்கும் கருவி மூன்று இடங்களில் வாய் திறக்கவில்லை.
நாலாவது இடத்தில், படுக்கைக்கு அடியில்,
லேசாக ஒரு முனகல்.
"அது ஒரே ஒரு கோடை மழை," என்றாள் குன்னெல்.
ஆறாயிரம் குரோனர் குறைத்தாள்.
மழையையும் சேர்த்து வாங்கிக்கொண்டோம்.

கொக்கி. பூட்டு. பாதுகாப்புக் கம்பி.
அவன் இடது என்றான், இடது சிமிட்டியது.
வலது என்றான், அதற்கும் இடதே சிமிட்டியது.
பிளக்கைப் பிடுங்கி ஊதிச் செருகியதும் சரியாயிற்று.
ஏன் சரியாயிற்று என்று
இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை.

பிறகு வடக்கு.
ஆயிரத்து நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.
கேரவன் இழுப்பவர் எண்பதைத் தாண்டக் கூடாது என்பது சட்டம்.
கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில்
சிக்ஸ்டன் எண்பதில் போய் நான் பார்த்ததே இல்லை.
நாங்கள் இழுத்தது ஒரு வீட்டைத்தான்,
பின்னால் இழுபட்டது பாதி ஸ்வீடன்.
முந்திப்போன ஒருவன் விரலைக் காட்டினான்.
சிக்ஸ்டன் கையசைத்தான், கனிவோடு,
போன வாரம் மதம் மாறியவனைப் போல.

ஹோகா குஸ்டன் பாலத்தில்
பக்கவாட்டில் வந்தது காற்று.
வாலுக்குத்தான் முதலில் தெரிந்தது, பிறகுதான் எங்களுக்கு.
கண்ணாடிக்குள் அந்த வெள்ளைச் சுவர்
இடம், வலம்,
இடம்.
"பிரேக்கைத் தொடாதே."
"தொடவில்லை."
"தொடாதே."
"தொடவில்லை என்கிறேனே!"
நூறடிக்கும் கீழே கடல்
எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

கரையேறியதும் நிறுத்தினோம்.
உள்ளே அலமாரி திறந்துகிடந்தது.
குன்னெல் மறந்துவிட்ட ஒரே ஒரு கோப்பை
தரையில் உருண்டுகொண்டிருந்தது, உடையாமல்.
அதிலேயே காப்பி ஊற்றி
மாற்றி மாற்றிக் குடித்தோம்.

ஓவர்காலிக்ஸ் தாண்டியபோது மணி ஒன்று.
இரவு கடிகாரத்தில் மட்டும் இருந்தது.
சூரியன் பைன் நுனிகளில் உட்கார்ந்திருந்தது,
இறங்குகிற உத்தேசம் இல்லாமல்.
எனக்கு ஒதுங்க வேண்டியிருந்தது.
பின்னாலேயே ஒரு கழிப்பறை வந்துகொண்டிருந்தது,
அதில் இன்னும் தண்ணீர் நிரப்பவில்லை.
மர லாரிகள் போகும் கிளைப்பாதையில் திரும்பினோம்.
நானூறு மீட்டரில்
குறுக்கே ஒரு இரும்புத் தடுப்பு.

முன்னே போவது யாருக்கும் வரும்.
பின்னே போகத்தான் வேறு புத்தி வேண்டும்.
வலப்பக்கம் போக இடப்பக்கம் ஒடிக்க வேண்டும்,
ஒடித்ததை அது நம்பிவிடும் முன்
திருப்பிவிட வேண்டும்.
பன்னிரண்டு தடவை முயன்றான்.
பன்னிரண்டு தடவையும் காரும் கேரவனும்
ஒன்றின் தோளில் மற்றது இடித்துக்கொண்டு
மடங்கி நின்றன.
பின்னால் நின்று கைகாட்டினேன்.
ஒரு கட்டத்தில் கொசு அடிப்பது எது, வழிகாட்டுவது எது என்று
அவனுக்குத் தெரியவில்லை.
எனக்கும்தான்.

கடைசியில் கொக்கியைக் கழற்றினோம்.
எண்ணூறு கிலோ.
சின்னச் சக்கரம் சரளைக்குள் இறங்கி முரண்டியது.
அவன் தோள் ஒரு மூலையில், என் தோள் மறு மூலையில்.
ஒரு சாண். மூச்சு. இன்னொரு சாண்.
காடு பார்த்த ஜன்னல் மெல்ல மெல்லச்
சாலையைப் பார்த்தது.
தூரத்தில் ஒரு கலைமான்
மென்றுகொண்டே நின்றது, டிக்கெட் வாங்கியதைப் போல.

இனி காரைத் திருப்பி மாட்டினால் போதும்.
ஐந்து நிமிஷ வேலை.
அங்கிருந்து ஒன்றரை மணி நேரத்தில் யெல்லிவாரே,
துவைத்து விரித்த எங்கள் சொந்தப் படுக்கை.
சிக்ஸ்டன் படிக்கட்டில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அப்போதுதான் ஞாபகம் வந்தது,
எதற்காக இங்கே திரும்பினோம் என்று.
மரங்களுக்குள் ஓடினேன்.

வந்து பார்த்தால்
சட்டையோடு தூங்கிப்போயிருந்தான்.
திரை போதாத ஜன்னலில் மஞ்சள் வெயில்.
பக்கத்தில் படுத்தேன். அடியிலிருந்து லேசாக மணத்தது
யாருடைய கோடையிலோ பெய்த மழை.
அவன் வலது கால் ஒருமுறை உதறியது.
"தொடவில்லை," என்றான்,
தூக்கத்திலேயே.