வடக்கு கொஞ்சம் நகரும்

மணவாளக்குறிச்சி சந்தைக்கு எதிரே என் கடை.
ஃபேன், மிக்சி, கிணற்று மோட்டார்.
எரிந்த செம்பை உரித்துப் புதுச்செம்பு சுற்றுவேன்.
வாய் பேசிக்கொண்டிருக்கும்; விரல் எண்ணிக்கொண்டிருக்கும்.

இடவப்பாதி மழையில் நனைந்து ரெக்சலின் வந்தாள்,
தேங்காப்பட்டணம் பொழிமுகத்தில் கொட்டகை கட்டி
மீன்குஞ்சுக்குப் பரீட்சை வைக்கிறவள்.
இரண்டு மரச்சட்டம், ஒவ்வொன்றும் கதவு அகலம்.
“இருநூறு சுற்று வேணும் அண்ணா. ஒன்று கூடவோ குறையவோ கூடாது.”
என்ன சுழலும் இதில்?
“ஒன்றும் சுழலாது. வடக்கு கொஞ்சம் நகரும்.”

வடக்கை நகர்த்த யாரும் என்னிடம்
கூலி பேசியதில்லை அதுவரை.
செம்பு விலைக்கே சுற்றிக் கொடுத்தேன்.

சட்டங்களுக்கு நடுவே வட்டத் தொட்டி.
அதில் விலாங்குக் குஞ்சுகள், பதினேழு.
குஞ்சு என்றால் கண்ணாடி நறுக்கு:
கரும்புள்ளியாக இரண்டு கண், செந்நூல் முனையாய் ஒரு துடிப்பு,
மற்றபடி தண்ணீர்தான் தண்ணீருக்குள் நெளிகிறது.
யாரும் போய்ப் பார்க்காத ஆழத்தில் பொரிந்து
வழி சொல்லத் தாயும் கூட வராமல்
இந்த ஆற்று வாயை எப்படியோ கண்டுபிடித்தவை.

எப்படி என்று கேட்டேன்.
“அதுக்குத்தானே உங்க செம்பு.”

தூத்தூர் போட்டு ஒன்று ஞாபகம் வந்தது.
திசைகாட்டிப் பெட்டிக்குப் பக்கத்தில்
புது ஸ்பீக்கரை ஆணியடித்துப் பாட்டுப் போட்டு
ராத்திரி முழுக்க நேராகத்தான் ஓடினார்கள்.
விடிந்தபோது கரை இருக்கவேண்டிய இடத்தில் கடல்.
அதைக் கழற்றி எடுத்து வந்தவன் நான்தான்.

முதல் ராத்திரி கதவருகே நின்றேன்.
சுவிட்சைப் போட்டாள்.
சிவப்பு விளக்கில் முள் மேற்கே சரிந்தது.
குஞ்சுகள் சும்மா கிடந்தன.
பிறகு ஒன்று. பிறகு நாலு.
பதினொன்று திரும்பின. ஆறு திரும்பவில்லை.
அந்த ஆறையும் எழுதிக்கொண்டாள்,
அதே பேனாவால், அதே அளவு எழுத்தில்.

மூன்றாம் ராத்திரி சுருள் சூடாகிறதா என்று
தொட்டிமேல் குனிந்து தொட்டுக்கொண்டிருந்தபோது
கரண்ட் போனது. கரையோரம் முழுக்க இருட்டு.
பேட்டரியில் எரிந்த சிவப்பு விளக்கு மட்டும்.
இனி உள்ள வடக்குக்கே வந்துவிடும் என்றாள்.
வரவில்லை.
ஒவ்வொன்றாக என் பக்கம் திரும்பின.
நெஞ்சு விம்மியது, மறைப்பானேன்,
சொந்தப் பிள்ளையே அப்படி ஒருமுறையும் திரும்பியதில்லை.

“அண்ணா, சட்டைப் பையில என்ன?”

ஸ்பீக்கர் காந்தம். திருகாணி பொறுக்க வைத்திருப்பது.
ஊர்க் கருமணல் மயிர்போல் அப்பிக் கிடந்தது அதைச் சுற்றி.
அவள் சிரிக்கவில்லை. நேரத்தைக் குறித்தாள்.
நான் மழையோடு வெளியே நடந்து
கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் அடியில் அதை வைத்துவிட்டு வந்தேன்.
பதினேழும் கலைந்து, தயங்கி,
நெடுநேரம் எங்கும் நோக்காமல் கிடந்தன.
அப்புறம் சில.

அந்த ராத்திரிக் கணக்கைக் குறுக்கே கோடிட்டு அடித்தாள்.
பக்கத்தில் காரணம் எழுதினாள்:
வைண்டிங் ததேயுஸ், பை.

குஞ்சுகளை ஆற்றில் விட்ட அன்று நான் இல்லை;
ஒரு மாவு மில் மோட்டார் அவசரம்.
இப்போதும் நித்திரவிளைக்குப் பஸ்ஸில் போனால்
கணபதியான்கடவு பாலம் வருமுன்
கை தானாகப் பையைப் பொத்துகிறது.
பாலத்திலிருந்து தண்ணீர் எவ்வளவு கீழே என்று
எனக்குத் தெரியாமலில்லை.
அக்கரை வரும்வரை எடுப்பதில்லை கையை.