செம்மஞ்சள் வயர்

சட்பரியிலிருந்து லெவாக் நாற்பத்தெட்டுக் கிலோமீட்டர்.
வெயில் காலத்தில் இதை யாரும் சொல்லிக்கொள்வதில்லை.
இன்றைக்கு மைனஸ் இருபத்தொன்பது.

என் கார் செகண்ட்ஹாண்ட்.
எனக்கு முன்னால் யாரோ ஒரு ஆசிரியை ஓட்டியது.
ஆடியில் இருநூற்றிருபது காட்டும்,
தையில் பாதி.
குளிரைக் கண்டதும்
திரையில் உள்ள எண்
ஆமை மாதிரிக் கழுத்தை இழுத்துக்கொள்ளும்.

நான் குடியிருக்கும் கட்டடத்தில் ப்ளக் இல்லை.
கேட்டு எழுதினேன். பரிசீலிக்கிறோம் என்றார்கள்.
மூன்று குளிர்காலமாய்ப் பரிசீலிக்கிறார்கள்.
ஹொக்கி அரங்கத்துச் சார்ஜரோ
வாயில் பனி அடைத்து நிற்கிறது.

ஆக, இன்றைய கடைசி நோயாளி
ஒன்னி லஹ்தினென், காலில் ஆறாத புண்,
அவர் வாசலில் நான் நின்றபோது
மீதி முப்பத்தொன்று.
திரும்ப வேண்டியது நாற்பத்தெட்டு.
இரண்டாம் வகுப்புக் கணக்கு.

கராஜில் ஒரே ஒரு ப்ளக்.
அதில் அவருடைய சக்கர நாற்காலி
கன்றுக்குட்டி போல் கட்டிக் கிடந்தது.
"அதைக் கழற்றிவிட்டு உன்னுடையதை மாட்டு.
இந்தப் பனியில் நான் எந்த ஊர்வலத்துக்குப் போகிறேன்?"
மாட்டினேன்.
யானைப் பசிக்குச் சோளப்பொரி:
மணிக்கு ஆறு கிலோமீட்டர் என்கிறது புத்தகம்.
இந்தக் குளிரில் நாலு.
மிச்சத்தைத் தன் உடம்பைச் சூடாக்கவே
பற்றரி தின்றுவிடும்.

புண்ணைத் துடைத்துக் கட்டு மாற்றினேன்.
சுவரில் ஒரு படம்: சுரங்கத்துக்குள்
கட்டில் அளவில் ஒரு ரயில் இஞ்சின்,
மேலே மீசையோடு அவர்.
"பற்றரிதான். அங்கே புகைக்கு இடம் ஏது?
ஒரு ஷிஃப்ட் தாங்கும். தாங்காத நாளில்
இறங்கித் தள்ளுவோம்.
அதற்கு நாங்கள் வைத்த பெயரை
உன்னிடம் சொல்ல முடியாது."

அவர் அள்ளிய நிக்கலில் ஒரு சிட்டிகை
என் காருக்குள் இருக்கலாம்,
இல்லாமலும் இருக்கலாம்.
காலடியில் அவ்வளவு நிக்கல்.
அதன் மேல் நின்று
கரண்டுக்குக் கையேந்துகிறது கார்.

ஒரு மணிநேரம் கழித்துப் போய்ப் பார்த்தால்
முப்பத்துமூன்று.
கராஜ் மூலையில் இருந்த ஹீற்றர்
இடையில் தானாக விழித்திருக்கிறது;
பிரேக்கர் விழுந்திருக்கிறது;
வீட்டுக்குள் விளக்கு எரிந்துகொண்டிருந்ததால்
நாங்கள் ஆனந்தமாய்த் தேநீர் குடித்திருக்கிறோம்.

பக்கத்து வீட்டு ஜில் ஷார்பொன்னோ
என் காரைக் கண்டாலே "பொம்மை" என்பான்.
அவனுடைய பிக்அப்போ ஒரு வீடு.
அந்த வீட்டின் முகத்திலிருந்தும்
ஒரு வயர் தொங்கிக்கொண்டிருந்தது:
என்னதான் பெற்றோல் குடித்தாலும்
இரவெல்லாம் கரண்டில் குளிர்காயாவிட்டால்
காலையில் அது கண் திறக்காது.
நான் அந்த வயரைப் பார்த்தேன்.
நான் பார்த்ததை அவன் பார்த்தான்.
முணுமுணுத்துக்கொண்டே பிடுங்கினான்.
செம்மஞ்சள் வயர் ஒன்றைப்
பனிமேல் இழுத்துவந்து நீட்டினான்.
"நாலு மணிநேரம்.
அதற்குமேல் என் ராசாத்தி விறைத்துப்போவாள்."

நாலு மணிநேரமும் ஒன்னியிடம் சீட்டில் தோற்றேன்.
நாற்பத்தொன்பது.

ஹீற்றரை அணைத்து, ஒன்னியின் கம்பளியைப் போர்த்து,
அறுபதைத் தாண்டாமல் ஓட்டினேன்.
பின்னால் ஹோர்ன் அடித்தவர்கள் முந்திப் போனார்கள்.
இரண்டு பக்கமும் கறுத்த பாறை,
ஒரு காலத்தில் உலைப்புகை மரங்களைத் தின்ற இடம்;
இப்போது வெள்ளைப்பட்டை பேர்ச்சுகள்,
ஒல்லியாக, நெருக்கமாக.
சில்லுக்கு அடியில் பனி நொறுங்குவது கேட்டது.
எனக்குப் பின்னால் புகை இல்லை.
காருக்குள், என் வாயிலிருந்து மட்டும்
வந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்தேன். மீதி இரண்டு.
பையை எடுக்கப் பின்கதவைத் திறந்தால்
பழக்கதோஷத்தில் நானே சுருட்டி வைத்த
ஜிலின் செம்மஞ்சள் வயர்.

இன்றிரவும் மைனஸ் இருபத்தொன்பது.
லெவாக் நாற்பத்தெட்டுக் கிலோமீட்டர்.