பன்னிரண்டுக்குள் இருபது

தேர்தல் தேதி அறிவித்த மறுநாள்
உமையாள் ஆச்சி ஆட்டோவில் வந்து இறங்கினார்,
குளியல் துண்டில் சுற்றிய துப்பாக்கியோடு.
தேவகோட்டை ஸ்டேஷனில் நான் ரைட்டர்.
வாங்கி வைப்பதும் ரசீது கிழிப்பதும்
எண்ணெய்க் கறை படாமல் பதிவேட்டைக் காப்பதும் என் வேலை.

இரட்டைக்குழல். பர்மிங்ஹாம். பன்னிரண்டு போர்.
உரிமத்தில் இருந்தபடி எழுதிவிட்டு
தோட்டா இருக்கிறதா என்று மடக்கிப் பார்த்தால்
குழலுக்குள் இன்னொரு குழல்.
உறைக்குள் கத்தி பார்த்திருக்கிறேன்.
இது கத்திக்குள் உறை.

"என்ன ஆச்சி இது?"
"உள்குழல். இருபது போர்."
"உரிமம் பன்னிரண்டுக்குத்தானே?"
"துப்பாக்கி பன்னிரண்டுதானே?"

ரங்கூனில் வாங்கினதாம்.
இரும்பையும் எஃகையும் சடைபோல் முறுக்கி
சுற்றிச் சுற்றி அடித்த குழல்;
வெயிலில் சாய்த்தால் பாம்புச் சட்டை வரி தெரிந்தது.
கருமருந்துக் காலத்துச் சாமான்.
இன்றைய தோட்டாவைப் போட்டால்
முறுக்குப் பிரியும், விரலும் கூடப் போகும்.
அதனால் நுனிவரைக்கும் உள்ளே புது எஃகு.

எனக்குக் கணக்கு இடித்தது.
இருபது எப்படிப் பன்னிரண்டுக்குள் போகும்?
ஆச்சி என் பேப்பர் வெயிட்டை எடுத்தார்.
"இது ஒரு பவுண்டு ஈயம்னு வச்சுக்க.
பன்னெண்டு குண்டா உருட்டினா ஒண்ணொண்ணும் பெரிசு.
இருபதா உருட்டு, சிறுத்துப்போகும்.
எண்ணு ஏற ஏற ஓட்டை இறங்கும்.
எங்க வீட்டுப் பங்கு மாதிரி."

அந்த வீட்டுக்கு பந்தோபஸ்து போயிருக்கிறேன்.
ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும்.
இருபது புள்ளி, இருபது அறை, இருபது பூட்டு.
ஆச்சி அறையில் கட்டிலைப் போட்டால்
கதவு பாதிதான் திறக்கும்.

சாயங்காலம் கோயம்புத்தூரிலிருந்து ஃபோன்.
சாத்தப்பன், பங்காளி.
"பொதுச் சாமான் மேடம் அது.
வித்தா இருபதில் ஒண்ணு எனக்கு வரணும்."
ஆச்சியிடம் சொன்னேன்.
"வெளிக்குழல் எல்லாருக்கும்.
உள்குழல் ரெண்டும்
நான் மணகோலமும் சீப்புச்சீடையும் போட்டு வித்த காசு.
பில்லு இருக்கு."

"சுட்டதுண்டா?"
"ஒரே தடவை.
நிலைக்கதவைப் பேத்துக்கிட்டுப் போக
லாரியோட வந்தானுக, ராத்திரி ரெண்டு மணி.
வளவுல நின்னு வானத்தைச் சுட்டேன்.
ஓட்டத்துல ஒருத்தன் செருப்பை விட்டுட்டுப் போனான்.
உள்ளே கோயம்புத்தூர்க் கடைப் பேரு."
"புகார் எழுதட்டுமா?"
"அதுக்கும் ஒரு கட்டம் இருக்கா உன் நோட்டுல?"

படிவத்தில் வரிக்கு ஓர் ஆயுதம்தான்.
துப்பாக்கி 1 என்று எழுதி, கீழே
உள்ளே இருப்பது 2 என்று எழுதினேன்.
இன்ஸ்பெக்டர் சிவப்பு மையில்
ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்.

கோடை மழை இரண்டு தரம் ஆயுத அறையில் ஒழுகியது.
வாளி வைத்தோம். துப்பாக்கி பக்கம் வைக்கவில்லை.

முடிவு வந்து, யாரோ ஜெயித்து,
இருவரும் ஒரே காலையில் வந்தார்கள்.
"உள்ளதைக் கழட்டி அவங்ககிட்டக் குடுங்க,
வெளியது பொது" என்றார் சாத்தப்பன்.
இழுத்தேன். தேங்காயெண்ணெய் விட்டேன்.
மரக்குச்சியை முன்வாயில் விட்டுத் தட்டினேன்.
துரு இரண்டையும் சேர்த்துப் பிடித்திருந்தது.
அவரும் சட்டைக் கையை மடித்துவிட்டு இழுத்தார்,
நெற்றித் திருநீறு வேர்வையில் கரைய.

ஆச்சி உதவவில்லை, தடுக்கவுமில்லை.
பெஞ்சில் உட்கார்ந்து
குளியல் துண்டை நாலாய் மடித்துக்கொண்டிருந்தார்.

அவர் குனிந்து இழுக்கும்போது
காலைப் பார்த்தேன்.
செருப்பு புதுசு.