பெயர்கள் உள்ள அதிகாரம்

பிரசங்கம் கிடையாது.
காணிக்கை கிடையாது.
டீ உண்டு.
இப்படித்தான் அடித்தேன் அந்த நோட்டீஸை,
கெட்டுப்போன தாள்களின் பின்பக்கத்தில், இருபது காப்பி.
திருப்பிப் பார்த்தால்
யாரோ ஒருவரின் பாதி ஆதார்,
யாரோ ஒருவரின் கோணலாய் விழுந்த மதிப்பெண் பட்டியல்.

கொருக்குப்பேட்டை கேட்டுக்கு நாலு கடை தள்ளி
என் ஜெராக்ஸ் கடை.
செவ்வாய் ராத்திரி எட்டரைக்கு
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
ஆறு நாற்காலி போட்டேன்.
அதில் இரண்டு வாடகைக்கு.

முதல் செவ்வாய் யாரும் வரவில்லை.
மெஷின் சூடு ஆறிக்கொண்டிருந்தது.
ஒரு அதிகாரத்தை எனக்கு நானே சத்தமாய் வாசித்தேன்.
கடன்காரனுக்குப் பதில் சொன்னதைத் தவிர
பல மாதமாய் இந்தக் குரலை
எதற்கும் எடுக்கவில்லை என்று
அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த வாரம் தேவசகாயம் வந்தார்.
எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் வரிசையில்
பதினாறு மணி நேரம் நின்ற லாரியிலிருந்து நேராக,
கழுத்தில் துண்டோடு.
"கேட்டு போட்டுட்டான்" என்றார், இருபது நிமிஷம் லேட்.
அப்புறம் எல்லோரும் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்கள்.
மருந்துக்கடையில் பில் போடும் எப்சிபா.
காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் அமலதாஸ்;
"நாங்க மாதா கோயில், பரவாயில்லையா?" என்று
ஷட்டருக்கு வெளியே குனிந்தபடி கேட்டார்.
"நாற்காலி இருக்கு" என்றேன்.
அவர் புத்தகத்தில்
அதே ஆட்களுக்கு வேறு எழுத்து.

கிருபாவதி, ஸ்டான்லியில் வார்டு கூட்டுகிறவர்.
முறை வரும்போதெல்லாம்
"கண்ணாடி மறந்துட்டேன்" என்பார்.
மூன்று வாரமாய்.

ஐந்தாம் செவ்வாய் வந்தது அந்த அதிகாரம்.
இன்னாருக்குப் பிள்ளை இன்னார்,
அவருக்குப் பிள்ளை இன்னார்.
நாக்கில் கல் மாதிரி உருளும் பெயர்கள்.
"வெறும் பேருங்கதான் அண்ணே, தாண்டிடலாமா?"
என்றாள் எப்சிபா.
நான் தலையாட்டிவிட்டேன். உண்மையைச் சொன்னால்
எனக்கும் பசி.

"தாண்டாத."
கிருபாவதி.
"ரேஷன் கார்டுல எம்புள்ள பேர இப்படித்தான் தாண்டுனாங்க.
நாலு பேர் இருந்த கார்டு மூணாச்சு.
அடிச்சிருந்தாக்கூட அடிச்ச எடமாவது இருக்கும்.
புதுக் கார்டுல அந்த எடமே இல்ல.
இங்க எவனோ குந்தி எழுதி வச்சிருக்கான்.
வாசிம்மா."

எப்சிபா வாசித்தாள்.
தடுக்கிய இடத்தில்
அமலதாஸ் தன் எழுத்தைச் சொன்னார்,
இரண்டுக்கும் நடுவில் ஒன்றாய் அவள் உச்சரித்தாள்.
பாதியில் கூட்ஸ் வண்டி வந்தது.
கண்ணாடி அலமாரி அதிர்ந்தது, கவுன்டரில் பேனா உருண்டது.
நிறுத்தாமல் குரலை ஏற்றினாள்.
வேகனுக்கு ஒரு பெயர்,
வேகனுக்கு ஒரு பெயர்,
கத்தினாள் என்றே சொல்ல வேண்டும்,
கடைசிப் பெட்டி போனபோது
பெயர்கள் இன்னும் மிச்சமிருந்தன.

முடிந்ததும் யாரும் ஜெபிக்கவில்லை.
தேவசகாயம்தான் கேட்டார்:
"புள்ள பேரு என்னம்மா?"
"செல்வின். வூட்ல குட்டி."
அதை அமலதாஸ் ஒருமுறை சொன்னார்.
எப்சிபா ஒருமுறை.
நானும்.
டீ ஏடு கட்டியிருந்தது, அப்படியே குடித்தோம்.

அடுத்த வாரத்துக்கு
அந்தப் பக்கத்தை இருநூறு சதவீதம் பெரிதாக்கி
கிருபாவதிக்கு ஒரு காப்பி எடுத்து வைத்திருந்தேன்.
கண்ணாடி தேவைப்படாது, பாருங்கள் என்று
பெருமையாய் நீட்டினேன்.
வாங்கி மடியில் விரித்தார்.
தலைகீழாக.

நான் வாயைத் திறப்பதற்குள்
எப்சிபா நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டாள்.
ஒன்றும் சொல்லாமல் தாளைத் திருப்பினாள்.
முதல் பெயரின் முதல் எழுத்தில்
அந்த அம்மாவின் விரலை வைத்து
அதன்மேல் தன் விரலை வைத்தாள்.

மணி எட்டே முக்கால்.
தேவசகாயம் இன்னும் வரவில்லை.
கேட்டு போட்டிருப்பான்.